ஆப் யார் கையில்? ஐந்து பேர் டீமுக்கு ஒரு கணக்கு

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் நாங்கள் ஐந்து பேரும் ஒட்டுக்கா ஆன்லைனில் வருவோம். பல்லடத்துக்காரன் தறி ஷிஃப்ட் முடித்துவிட்டு வருவான். சரவணம்பட்டிக்காரனுக்கு ஐடி கம்பெனி. கோபிக்காரன் மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாப்பிட்டு, சாவகாசமாக வருவான். பொள்ளாச்சித் தம்பி காலேஜ் இரண்டாம் வருஷம், எங்களில் சின்னவன். நான் பெருந்துறை. வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் சண்டை தொடங்கிவிடும், அதுவும் எங்களுக்குள்ளேயே.

“ஏனுங்ணா, இந்த ரவுண்டு ஆப் நான் வாங்கிக்கட்டுங்களா?” என்பான் பொள்ளாச்சி.

“அக்கட்டால போடா. போன தடவை வாங்கி என்னத்தக் கிழிச்ச?” என்பான் பல்லடம்.

எங்கள் ஆட்டம் வேலரன்ட். ஐந்துக்கு ஐந்து ஆடும் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையிலுள்ள காசுக்குத்தான் துப்பாக்கி வாங்க முடியும். அதை ஆடுகிறவர்களுக்கு ஆப் என்றால் தெரியும். ஆப்பரேட்டர், அந்த விளையாட்டின் பெரிய ஸ்னைப்பர், அதாவது ஸ்கோப் வைத்துத் தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி. நாங்கள் அதை ஆப்பு என்றுதான் சொல்வோம், பல நாள் அது எங்களுக்கே வைத்த ஆப்பாகவும் முடிந்திருக்கிறது. தெரிந்த பசங்க இரண்டு மூன்று டீம் இதே குழப்பத்தோடு என்னிடம் கேட்டார்கள்: ஒருத்தனை நிரந்தர ஸ்னைப்பராக வைப்பதா, சின்ன ஸ்னைப்பரோடு நிறுத்திக்கொள்வதா, முறை வைத்து மாற்றுவதா, ஸ்னைப்பரே வேண்டாம் என்று விடுவதா? இரண்டு வருஷம் இந்த நாலையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

யார் நன்றாகக் குறி வைப்பான் என்பதை மட்டும் பார்த்துத்தான் பெரும்பாலான டீம்கள் ஸ்னைப்பரை முடிவு செய்கின்றன. மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பெண் கொடுப்பது மாதிரி அது. நான் ஐந்து விஷயம் பார்க்கிறேன்.

- காசு: துப்பாக்கி விலையோடு, அது தொலைந்தால் அடுத்த ரவுண்டில் டீம் என்ன வாங்க முடியும் என்பதும்.
- முதல் கில்: ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் முதல் ஆள் விழுந்த பிறகு ஆட்டமே வேறு. அதை எடுக்கும் வாய்ப்பு எவ்வளவு?
- செத்தால் நஷ்டம்: துப்பாக்கி எதிரி கைக்குப் போனால் என்ன ஆகும்?
- மற்ற நாலு பேர் மேல் ஏறும் சுமை: ஸ்மோக் (பார்வையை மறைக்கும் புகை), ஃப்ளாஷ் (கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம்), பின்பக்கக் காவல் எல்லாம் யார் பார்ப்பது?
- இணைப்பும் கருவியும்: பிங் (இணைப்பின் தாமதம்), மவுஸ், போன்.

இதில் நாலாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டீமின் காசும் காவலும் யார் மேல் அதிகம் செலவாகிறதோ அவன்தான் ஸ்னைப்பர். ஸ்கோப் வைத்த துப்பாக்கி அந்தச் செலவுக்குக் கிடைக்கும் ரசீது, அவ்வளவே. ஆகவே கேட்க வேண்டியது, மற்ற நாலு பேருக்கும் இந்தச் செலவு சம்மதமா என்பதைத்தான்.

விலைப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடலாம். வேலரன்டில் ஃபுல் ஷீல்டு (முழுக் கவசம்) போட்ட ஆளுக்கு உயிர்ப் புள்ளி மொத்தம் 150, ஹாஃப் ஷீல்டுக்கு 125, ஒன்றும் இல்லாவிட்டால் 100. அப்டேட்டில் மாறக்கூடிய எண்கள்தான், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

| துப்பாக்கி | விலை | உடம்பில் ஒரு குண்டின் சேதம் | ஒரே குண்டில் விழுவது |
|---|---|---|---|
| ஆப்பரேட்டர் | 4700 | 150 | ஃபுல் ஷீல்டு வரை |
| அவுட்லா | 2400 | 140 | ஹாஃப் ஷீல்டு வரை |
| மார்ஷல் | 950 | 101 | ஷீல்டு இல்லாதவர் மட்டும் |
| வேண்டல் (ரைஃபிள்) | 2900 | 40 | உடம்பில் விழாது. தலையில் பட்டால் (160) யாரும் |

## முழுநேர ஸ்னைப்பர்

ஆப்போடு 1000 கொடுத்து ஃபுல் ஷீல்டும் வாங்கினால் 5700. வேண்டலும் ஷீல்டும் என்றால் 3900. வித்தியாசம் 1800. ஒரு ரவுண்டு தோற்றால் கிடைக்கும் 1900-க்கு இது கிட்டத்தட்ட சமம். அதாவது, ஆப் வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தோல்வியின் கூலியை முன்கூட்டியே கட்டிவிட்டு ஆட்டத்துக்குள் போகிறீர்கள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான அடி. கையில் காசே இல்லாமல் இரண்டு ரவுண்டு தோற்றால் 1900-ம் 2400-ம் சேர்ந்து 4300. அந்தக் காசில் வேண்டலும் ஷீல்டும் வந்துவிடும், ஆப் தனியாகக்கூட வராது. ஆக, ஆப் தொலைத்தவன் மூன்றாவது ரவுண்டிலும் பிச்சைப் பாத்திரத்தோடு நிற்பான், இல்லை வேறு ஒருவன் தன் காசில் அவனுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல் கணக்கு இன்னும் கடுமை. அங்கே பெரிய ஸ்னைப்பரான ஏடபிள்யூபி 4750 டாலர், ஏகே-47 ரைஃபிள் 2700. ஏகே வைத்து மூன்று பேரைச் சுட்டால் 900 டாலர் திரும்பி வரும். ஏடபிள்யூபியில் அதே மூன்று பேருக்கு 300தான். 2022-ல், முந்தைய பதிப்பிலேயே, அதன் மேகஸினையும் 10 குண்டிலிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். அந்தத் துப்பாக்கி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இவ்வளவு செலவு செய்து கிடைப்பது என்ன? முதல் கில். அதைவிட முக்கியமாக, எதிரியின் பயம். ஹேவன் மேப்பில் மூன்று சைட் (எதிரி வெடிகுண்டு வைக்க வரும் இடம்), காவலுக்கு ஐந்து பேர். சி லாங் என்ற நீளப் பாதையில் பல்லடம் ஆப்போடு நின்றால் அந்தப் பக்கத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வான், மீதி நாலு பேர் இரண்டு சைட்டுக்குப் பிரிந்து நிற்கலாம். அவன் சுடக்கூட வேண்டாம். ஒரு ரவுண்டில் ஒருத்தன் விழுந்துவிட்டால், அடுத்த ரவுண்டில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கே இரண்டு ஸ்மோக் செலவழிப்பார்கள். அந்த இரண்டு ஸ்மோக் ஏ சைட்டுக்கு வராது. ஸ்கோர்போர்டில் வராத லாபம் இது. நீளமான பார்வைக் கோடு உள்ள மேப்பில், காவல் பக்கத்தில், ஆப்புக்கு ஈடு கிடையாது.

ஸ்னைப்பர் என்ற சொல்லே நம் நாட்டில் பிறந்ததுதான். 18-ம் நூற்றாண்டில் இங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஸ்னைப் பறவையை வேட்டையாடப் போனதிலிருந்து வந்தது. நாம் உள்ளான் என்கிறோமே, அதே வகை. குளத்துச் சேற்றோரம் இருப்பதே தெரியாது, பக்கத்தில் போனால் விசுக்கென்று கிளம்பிக் கோணல்மாணலாகப் பறக்கும். அதைச் சுட்டு விழவைப்பவன் பெரிய ஆள். விளையாட்டிலும் நின்ற இடத்தில் நிற்கும் எதிரி கிடைப்பதில்லை. அப்படிக் கோணல்மாணலாகப் பறந்துதான் ஒருத்தி என் மானத்தை வாங்கினாள்.

கோவையில் ஒரு காலேஜ் விழாவில் போட்டி. ஸ்கோர் 4-4. அசென்ட் மேப், நான் ஆப் வாங்கி மிட் பார்த்து நிற்கிறேன். எதிரி டீமின் ஜெட் வந்தாள், ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் ஏஜென்ட்களில் (பாத்திரங்களில்) ஒருத்தி. சுட்டேன், அதே நொடியில் டேஷ் போட்டு ஒரே பாய்ச்சலாக நகர்ந்துவிட்டாள், குண்டு சுவருக்குப் போனது. ஆப்பில் அடுத்த குண்டு வர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். சும்மா எண்ணிப் பார்த்தால் சின்ன நேரம்தான், முன்னால் ஒருத்தி வேண்டலோடு நிற்கும்போது அது ஒரு கல்யாண வைபவம் நடந்து முடிகிற நேரம். நான் விழுந்தேன். அவள் தன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு என்னுடையதை எடுத்தாள். அடுத்த மூன்று ரவுண்டும் நம் காசில் வாங்கிய ஆப் நம்மையே சுட்டது. எங்களுக்கு 4700 நஷ்டம், அவர்களுக்கு 4700 லாபம். 4-4 என்பது 4-8 ஆனது.

அதனால்தான் ஆப் எடுப்பவர்கள் ஜெட்டையோ சேம்பரையோ தேர்ந்தெடுக்கிறார்கள். சுட்டுவிட்டு உடனே நகர்ந்துவிட ஜெட்டுக்கு டேஷ், சேம்பருக்கு டெலிபோர்ட். தப்பிக்க வழி இல்லாத ஏஜென்ட்டை வைத்துக்கொண்டு முழுநேர ஆப் கேட்பவனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வெளியில் தெரியாத செலவு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ஸ்கோப்புக்குள் இருப்பவனுக்குப் பக்கவாட்டு உலகம் கிடையாது, யாராவது ஒருவர் அவன் முதுகைப் பார்க்க வேண்டும். இரண்டு, அட்டாக் பக்கம் வந்ததும் அவன் முன்னால் போக மாட்டான். நாலு பேர் சைட்டுக்குள் செத்துக்கொண்டிருப்பார்கள், இவன் பின்னால் ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு “நான் ஃப்ளாங்க் பாக்கறேன்” என்பான். கடைசியில் ஒன்றுக்கு மூன்று என்று தனியாக மாட்டுவான்.

ஸ்னைப்பர் கேப்டனாக இருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். ஃபாலன் என்ற பிரேசில் வீரர் ஏடபிள்யூபியும் வைத்துக்கொண்டு கட்டளையும் கொடுத்து, 2016-ல் இரண்டு கவுன்டர் ஸ்ட்ரைக் மேஜர் பட்டம் வாங்கினார். ஆக அது விதி இல்லை. பேசுகிற ஸ்னைப்பர் வேண்டும் என்பதுதான் விதி. ஸ்கோப்பில் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லாத ஸ்னைப்பர், ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து ஒன்றும் சொல்லாத சொந்தக்காரர் மாதிரி.

## சின்ன ஸ்னைப்பர்: மார்ஷல், அவுட்லா, ஸ்கவுட்

புது டீமுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மார்ஷல் 950. காசு இல்லாத ரவுண்டில் ஷீல்டு போடாத எதிரி உடம்பில் ஒரு குண்டுக்கு விழுவான், தலையில் பட்டால் ஃபுல் ஷீல்டும் காப்பாற்றாது. தொலைந்தாலும் 950தான் போச்சு. எதிரி எடுத்துக்கொண்டாலும் தூக்கம் கெடாது.

2024 தொடக்கத்தில் வந்த அவுட்லா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஹாஃப் ஷீல்டு வாங்கிய எதிரிமேல் அது ஆப்பின் வேலையைப் பாதி விலையில் செய்யும். ஃபுல் ஷீல்டு போட்டவன் 10 பாயின்ட்டில் தப்பித்துவிடுவான், கையில் இருக்கும் இரண்டாவது குண்டை உடனே போட வேண்டியிருக்கும். எதிரியின் காசை எண்ணத் தெரிந்த டீமுக்கு அவுட்லா லாபம். எண்ணத் தெரியாதவர்களுக்கு அது விலை கூடிய மார்ஷல்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் இந்த இடம் 1700 டாலர் ஸ்கவுட் என்ற சின்ன ஸ்னைப்பருக்கு. கையில் எடுத்தால் ஏடபிள்யூபியைவிட வேகமாக ஓடலாம், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது சுலபம்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு என்னவென்றால், சின்ன ஸ்னைப்பர் யாரையும் பயமுறுத்தாது. சி லாங்கில் மார்ஷல் இருக்கிறது என்று தெரிந்தால் எதிரி ஸ்மோக் போட மாட்டான், ஓடியே வருவான். ஒரு பக்கத்தை ஒற்றை ஆளாக அடைத்து வைக்கும் வேலை இதனால் ஆகாது.

## முறை வைத்து மாற்றுவது

எங்கள் பக்கம் கூட்டுக் கிணறு என்றால் முறை உண்டு. இன்றைக்கு உன் மோட்டார், நாளைக்கு என் மோட்டார். அதே மாதிரி, யார் கையில் காசு நிறைய இருக்கிறதோ அவர் அந்த ரவுண்டு ஆப் வாங்கட்டும் என்று நாங்கள் ஒரு ஆறு மாசம் ஆடினோம். கேட்க நியாயமாக இருந்தது. சண்டையும் நின்றது.

ஆனால் கிணற்று முறையில் உள்ள அதே கோளாறு இங்கேயும் உண்டு. என் முறை வரும் நாளும் என் பயிர் காயும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காசு சேர்ந்தவன் கோபிக்காரன், அவன் ஆடுவது ஸ்மோக் போடும் ஏஜென்ட். அவன் ஆப்போடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் ஸ்மோக் நேரத்துக்கு வராது. முதல் நோட்டத்தில் மிச்சமாகத் தெரிந்த காசு உண்மையில் மிச்சமே இல்லை, அந்த ரவுண்டில் அவன் செய்ய வேண்டிய வேலையின் விலை.

இது சரியாக வருவது ஒரே சூழ்நிலையில்: ஐந்து பேரில் குறைந்தது இரண்டு பேர் தப்பிக்கும் வசதி உள்ள ஏஜென்ட் ஆடி, இருவருக்கும் ஆப் கை வந்திருந்தால். அப்போது எதிரிக்கு ஆப் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அது பெரிய பலம்தான். எங்களிடம் அந்த இரண்டாவது ஆள் இல்லை.

## ஸ்னைப்பரே வேண்டாம்

ஐந்து பேரும் வேண்டல், ஃபேண்டம் ரைஃபிள்தான். யார் விழுந்தாலும் நஷ்டம் ஒன்றுதான், யார் துப்பாக்கியை யார் எடுத்தாலும் ஆடத் தெரியும். குறுகலான மேப்பில், அட்டாக் பக்கத்தில், இதுதான் எனக்குப் பிடித்த வழி. ஓவர்டைமில் கிட்டத்தட்டக் கட்டாயம்: ஆளுக்கு 5000தான் கிடைக்கும், ஆப் வாங்கினால் மிச்சம் 300, அதில் ஹாஃப் ஷீல்டுகூட வராது.

இணைப்பு மோசமாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். கோபிக்காரன் வீட்டில் கேபிள் இணைப்பு ஒழுங்காக இருக்கும் நாள் குறைவு, பாதி நாள் போன் ஹாட்ஸ்பாட்தான். நின்று காத்திருப்பவனைவிட எட்டிப் பார்ப்பவனுக்குத்தான் ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு நொடித் துண்டு சாதகம். அவன் நகர்ந்தது சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் திரைக்கு வருவதற்குள் அவன் உங்களைப் பார்த்துவிட்டான். பிங் ஏற ஏற இந்த இடைவெளி நீளும். காத்திருப்பதே தொழிலாக உள்ள ஸ்னைப்பருக்கு இது முழு அடி. வேலரன்டுக்கு இந்திய சர்வர் மும்பையில், கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு மும்பையோடு சென்னையிலும் உண்டு. நல்ல ஃபைபர் இருந்தால் நம் ஊரிலிருந்து இரண்டுமே ஆடலாம், ஹாட்ஸ்பாட் என்றால் ஆப்பை மறந்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு யூபிஎஸ் இல்லாதவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

குறை என்ன? எதிரியிடம் நல்ல ஆப் இருந்தால் நீளமான மேப்பில் நாம் திண்டாடிப் போவோம். ஒவ்வொரு ரவுண்டும் ஸ்மோக், ஃப்ளாஷ் என்று அவனுக்காகவே செலவழிக்க வேண்டியிருக்கும்.

## போனில் ஆடுகிறவர்களுக்கு

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) பற்றித்தான் பசங்க அதிகம் கேட்கிறார்கள். அங்கே ரவுண்டுக்கு ரவுண்டு காசு எண்ணி வாங்குவது இல்லை, பெரும்பாலும் கிடைத்ததுதான் துப்பாக்கி. அதனால் ஸ்னைப்பர் இலவசம் என்று தோன்றும். நாலு பேர் ஸ்குவாடில் அங்கேயும் விலை உண்டு, வேறு நாணயத்தில்.

பெரிய துப்பாக்கிக்கு இரண்டே இடம். ஒன்றில் கார்98 ஸ்னைப்பர் வைத்தால், கிட்டத்தில் வரும் சண்டைக்கு ஒரே ஒரு எம்416 ரைஃபிள்தான். அப்புறம் தூரம். கார்98 குண்டு விநாடிக்குச் சுமார் 760 மீட்டர் போகும். 400 மீட்டர் தள்ளி ஓடுகிறவனுக்கு அரை விநாடி முன்னால் குறி வைக்க வேண்டும், குண்டு கீழே இறங்குவதையும் சேர்த்து. குலுங்குகிற டவுன் பஸ்ஸில் ஜைரோ போட்டு, அதாவது போனைச் சாய்த்துக் குறிவைத்து, இதைச் செய்ய முயன்றவன் நான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே தலையில் சுட்டாலும் எதிரி சாவதில்லை, நாக் ஆகிறான், அதாவது அடிபட்டு விழுந்து கிடக்கிறான். அவன் கூட்டாளி ஸ்மோக் போட்டுப் பத்து விநாடியில் எழுப்பிவிடுவான். 300 மீட்டர் தள்ளி ஒருவனை நாக் பண்ணிவிட்டு “ஒண்ணு விழுந்துச்சு” என்று கத்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பத்து விநாடிக்குள் மற்ற மூவர் வண்டியை எடுத்துப் போக வேண்டும். மூன்று பேரும் வீட்டுக்குள் லூட் அடித்துக்கொண்டு (பொருள் பொறுக்கிக்கொண்டு) இருந்தால் நீங்கள் சுட்டது வெறும் சத்தம், உங்கள் இடத்தை ஊருக்கே சொன்னதுதான் மிச்சம்.

அதனால் பெரும்பாலான ஸ்குவாடுக்கு எஸ்எல்ஆர் அல்லது மினி14 போதும். ஒரு குண்டு தவறினாலும் அடுத்தது உடனே வரும். எராங்கல் மாதிரி 8 கிலோமீட்டர் மேப்பில், சேர்ந்து ஓடப் பழகிய ஸ்குவாடில், ஒருவருக்கு மட்டும் கார்98 அல்லது எம்24. வானத்திலிருந்து விழும் ட்ராப் பெட்டியில் ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் வந்தால் அதை யார் எடுப்பது என்று விமானத்திலேயே பேசிவிடுங்கள், மூன்றாம் லெவல் ஹெல்மெட்டையே ஒரே குண்டில் துளைக்கும் துப்பாக்கிக்கு முன்னால் நட்பு நிற்காது. 4 கிலோமீட்டர் சான்ஹோக் மேப்பில் கார்98, எம்24 மாதிரி போல்ட் ஆக்‌ஷனே வேண்டாம்.

## எந்த டீமுக்கு எது

| உங்கள் நிலைமை | என் தேர்வு |
|---|---|
| டீம் சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை | மார்ஷல் மட்டும் |
| தப்பிக்கும் ஏஜென்ட் ஆடுபவர் ஒருவர், வாயும் பேசுவார், ஃபைபரும் உண்டு | காவல் பக்கத்தில் முழுநேர ஆப் |
| அப்படி இரண்டு பேர் | முறை வைக்கலாம் |
| குறுகலான மேப், அட்டாக், ஓவர்டைம் | ஸ்னைப்பர் வேண்டாம் |
| ஹாட்ஸ்பாட், பழைய போன் | எந்த மேப்பிலும் வேண்டாம் |

இதுவும் பிடிபடவில்லை என்றால் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆப் வாங்கிய ரவுண்டு எத்தனை, அதில் ஜெயித்தது எத்தனை, துப்பாக்கி எதிரி கைக்குப் போனது எத்தனை, மூன்றே வரி. கில் எண்ணிக்கையை எழுத வேண்டாம், அது ஆளை ஏமாற்றும்.

எங்கள் நோட்டில் போன மாசக் கணக்கு: பல்லடம் 21 ரவுண்டு வாங்கினான், 13 ஜெயம், 3 தடவை துப்பாக்கி போச்சு. நான் 9 வாங்கினேன், 3 ஜெயம், 5 தடவை எதிரிக்குத் தானம். கில் கணக்கில் நான்தான் அவனைவிட மேலே இருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சி, “அப்ப உங்க முறைய எனக்குக் குடுத்துருங்ணா” என்றான். 950-க்கு ஒரு மார்ஷல் வாங்கி அவனுக்குப் போட்டேன். எனக்கு வேண்டல்.